யாருக்குத் தள்ளுபடி?

போன மாதம் ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்தில் கவிதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பையில் அம்பேத்கர் தொகுதி ஒன்று, 'ஜெயித்தவர்கள்' வகைப் புத்தகம் ஒன்று. "அண்ணே, கவிதையெல்லாம் சரி. நம்ம ஆளுங்கள்ல ஏன் ஒருத்தர்கூட நூறு கிளை வச்ச கடை ஆரம்பிக்கல? நமக்கு மூளை இல்லியா, துணிச்சல் இல்லியா?" என்றான். கேள்வியில் கேலி இல்லை, வலிதான் இருந்தது. அன்று காலைதான் அவன் கல்லூரியில் 'தொழில்முனைவோர் தினம்' கொண்டாடியிருக்கிறார்கள். மேடையில் பேசியவர் மலிவு விலைக் கடை ஆரம்பித்துப் பெரிய ஆளான நாலைந்து பேர் கதையைச் சொல்லி, கனவு கண்டால் போதும், மிச்சம் தானாக வரும் என்று முடித்திருக்கிறார்.

நான் வங்கிக் குமாஸ்தா. மிச்சம் எப்படித் 'தானாக' வருகிறது என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறவன். அன்றைக்குத் தம்பிக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். தோழர்களே, இது அந்தப் பாக்கிப் பதில்.

தமிழில் 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்கள். ஆடி மாசம் கடை வாசலில் தொங்கினால் விலைக்குறைப்பு. சட்டமன்றத்தில் சொன்னால் கடன் ரத்து. கோர்ட்டில் சொன்னால் உன் மனு செல்லாது, எழுந்து போ. ஒரே சொல். யார் வாயிலிருந்து யாரைப் பார்த்து வருகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் புரண்டு படுக்கிறது. சேரிக்காரன் பெரும்பாலும் மூன்றாவது அர்த்தத்தில்தான் அதைக் கேட்டிருக்கிறான்.

மேடைப் பேச்சாளர் சொல்லாமல் விட்ட ஒரு கதையை நான் சொல்கிறேன். நம்ம சென்னைக் கதை. சுபிக்ஷா.

இன்றைய மாணவர்கள் அந்தக் கடையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆர். சுப்பிரமணியன் என்பவர் ஆரம்பித்தது. சென்னை ஐ.ஐ.டி., பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம். கொஞ்ச காலம் சிட்டிபாங்க், கொஞ்ச காலம் என்ஃபீல்டு. 1991-இல் விஸ்வப்ரியா என்ற நிதி நிறுவனம். 1997-இல் திருவான்மியூரில் முதல் சுபிக்ஷா கடை. ஏ.சி. கிடையாது. மெயின் ரோட்டில் வாடகை அதிகம் என்று உள்தெருவில் சின்ன இடம். கண்ணாடி, அலங்காரம், பொம்மை எதுவும் இல்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்வது, அதில் கிடைக்கும் கழிவில் ஒரு பங்கை விலையில் குறைத்துக்கொடுப்பது, இதுதான் சூத்திரம். மளிகை, காய்கறி, மருந்து, பின்னாளில் செல்போன். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் சகோதரர்கள் எஸ்ஸன் நகரத்தில் அம்மாவின் மளிகைக் கடையை எடுத்து நடத்தி 'ஆல்டி' ஆக்கியதும் இப்படித்தான். சரக்கை அட்டைப்பெட்டியோடு வை, ஆளைக் குறை, விலையைக் குறை.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய்யன். எங்கள் வீட்டுக்கு ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு சுபிக்ஷா இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை அங்கேதான் வாங்குவோம். அட்டையில் போட்ட விலையில் பத்து சதவீதம் குறைவு. அந்தப் பத்து சதவீதத்தில் வீட்டுக்கு ஒரு பாக்கெட் பால் வரும். பில்லைக் கசக்காமல் மடித்து, மிச்சமான காசை என் கையில் எண்ணிக் கொடுப்பாள் அம்மா. ஏழைக்கு விலைக்குறைப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மலிவுக்கடை என்றாலே முதலாளித்துவச் சதி என்று ஒரே அடியாக அடிக்கிற தோழர்கள், ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்த வாரம் எங்கள் தெருவுக்கு வந்து பேசட்டும்.

அந்த 1997-ஐக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒன்றிய அரசு 'இலக்கு நோக்கிய' பொது விநியோகம் என்று சொல்லி, ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று கோடு போட்டுப் பிரித்தது அந்த வருஷம்தான். தமிழ்நாடு அந்தக் கோட்டை ஏற்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்று நின்றது. நிதி நிறுவனங்கள் ஏமாற்றிய பணத்தை மீட்க முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வந்ததும் அதே வருஷம். அதே 1997 ஜூன் 30-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடைய தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு தனித்தொகுதி ஊராட்சியில் தலைவர் நாற்காலியில் உட்காரத் துணிந்ததுதான் குற்றம். தம்பி கேட்டானே, துணிச்சல் இல்லையா என்று. துணிச்சலுக்கு எந்தத் தெருவில் பங்கு முதலீடு கிடைத்தது, எந்தத் தெருவில் வெட்டரிவாள் கிடைத்தது என்று அந்த ஒரு வருஷத்துக் காலண்டரைப் புரட்டினாலே தெரியும்.

சுபிக்ஷாவுக்குப் பங்கு முதலீடு கிடைத்தது. 2000-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் உள்ளே வந்தது. தமிழ்நாட்டில் நூற்றுச் சொச்சம் கடையோடு இருந்த கம்பெனி, 2006-க்குப் பிறகு டெல்லி, மும்பை, ஐதராபாத் என்று பாய்ந்தது. 2008-இல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் பத்து சதவீதப் பங்கை வாங்கியது. அந்த வருஷக் கடைசியில் நாடு முழுக்க ஏறத்தாழ 1,600 கடைகள். பெருக்கமெல்லாம் கடனில். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து உலகமெங்கும் பணம் இறுகியதும் இங்கே மூச்சு நின்றது. கடைக்குச் சரக்கு வரவில்லை. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. காவலாளிகள் போய்விட்டார்கள், பூட்டிய கடைகள் சூறையாடப்பட்டன. 2009-இல் எல்லாம் மூடியாகிவிட்டது. 13 வங்கிகள் கூட்டாகக் கொடுத்த சுமார் 750 கோடி ரூபாய் நின்றுபோனது.

அதன் பின்கதை நீளம். 2018-இல் அமலாக்கத்துறை அவரைக் கைது செய்தது. 2023 நவம்பரில் சென்னையில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சிறப்பு நீதிமன்றம், விஸ்வப்ரியா வழக்கில் 587 பேரிடம் வாங்கிய சுமார் 137 கோடி ரூபாயைத் திருப்பித் தராமல் ஏமாற்றியதற்காக 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கடை திறந்த அதே வருஷம் பிறந்த சட்டம், இருபத்தாறு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டியிருக்கிறது.

ஒருத்தர் விழுந்ததைப் பார்த்துக் கைதட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த 587 பேரில் பாதிப்பேர் நம்மை வீட்டுக்குள் விடாதவர்களாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சேர்த்த காசு போன வீட்டில் சாவு விழுந்த மாதிரிதான் இருக்கும், அதில் சாதி பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அந்த மனிதர் என்ன சாதி என்று தோண்டுவதும் என் வேலை இல்லை. எனக்கு வேறு ஒன்று தெரியவேண்டும். எந்தக் கதவெல்லாம் தட்டாமலே திறந்தது? ஐ.ஐ.டி. என்றால் ஒரு கதவு. ஐ.ஐ.எம். என்றால் அடுத்த கதவு. அங்கே கூடப் படித்தவன் ஒரு வங்கியில், இன்னொருவன் ஒரு முதலீட்டுக் கம்பெனியில். கடன் விண்ணப்பத்தில் 'பரிந்துரை' என்று ஒரு கட்டம் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டம் பிறக்கும்போதே நிரப்பப்பட்டிருக்கும்.

'சுயமாக முன்னேறியவர்' என்பது ஒரு கட்டுக்கதை. உலகத்திலேயே பெரிய மலிவுக்கடை வால்மார்ட். அதை ஆரம்பித்த சாம் வால்டன் 1945-இல் தன் முதல் கடையை எடுத்தபோது கையில் இருந்த சேமிப்பு 5,000 டாலர். மாமனார் கடனாகக் கொடுத்தது 20,000 டாலர். மாமனார் வக்கீல், பண்ணை முதலாளி. இதை மேடையில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மாணவர்கள் கனவு காண்பதை விட்டுவிட்டு மாமனார் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொரு பட்டதாரி கதை நமக்குத் தெரியும், ஆனால் அதில் இந்தப் பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பி, பரோடாவில் தங்க ஒரு இடம்கூடக் கிடைக்காமல் விரட்டப்பட்டு பம்பாய்க்கு வந்த அம்பேத்கர், பிழைப்புக்காகப் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஆரம்பித்தார். பணத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர்கள் அன்றைய பம்பாயில் எத்தனை பேர்? 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூலாகவே வந்தது. ஆனால் ஆலோசனை சொல்கிறவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. கடையை மூட வேண்டியதாயிற்று. சரக்கு இல்லாமல் மூடவில்லை, கடன் பெருகி மூடவில்லை. சாதி தெரிந்ததால் மூடியது. தம்பி, உன் பையில் ரெண்டு புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது? ஒன்றை இன்னொன்றிடம் இதைக் கேட்கச் சொல்.

இனி பழவேற்காட்டுக்குப் போகலாம். பொன்னேரியிலிருந்து பஸ். நான் கொஞ்ச காலம் அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் வேலை பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு, ஒரு ஆயா வந்து கவுண்டரில் பாஸ்புத்தகத்தை வைத்தார். இருளர் ஆயா. ஏரியில் இறங்கி எறா பிடிக்கிறவர். அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மார்பளவு தண்ணீரில், சில நேரம் கழுத்தளவில், சேற்றைக் கையால் தடவித்தடவி எறாவைப் பிடிப்பது. வலை இல்லை, படகு இல்லை. ரெண்டு கையும் தண்ணிக்குள் இருப்பதால், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்காக. விரல் நுனியெல்லாம் எறா குத்திக் கிழிந்திருக்கும். அந்த விரலை ரேகைக் கருவியில் வைத்தால் கருவி 'பொருந்தவில்லை' என்று சொல்லும். சொல்லியது.

"இன்னா சாரு, எரநூறு ரூவா இருந்துச்சி. இப்ப காணமே?"

பார்த்தேன். குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பிடித்திருந்தார்கள். நூறு ரூபாய் அபராதம், அதற்குப் பதினெட்டு ரூபாய் ஜி.எஸ்.டி. அடுத்த தடவை மிச்சம் இருந்ததையும். நான் விளக்கினேன். விளக்கும்போதே நாக்கு கசந்தது.

"பணம் இல்லன்னா அபராதமா? பணம் இருந்தா நான் எதுக்கு சாரு இங்க வந்து நிக்கிறேன்?"

பக்கத்துக் கவுண்டரில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கியியல் பரீட்சைக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அதே ஆயாதான் அதற்கு முன்பு ஒரு கடன் விண்ணப்பம் கொடுத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. தாட்கோ மானியத்தோடு ஒரு சின்னப் படகுக்கும் வலைக்கும். கிளையிலிருந்து திரும்பிப் போயிருந்தது. காரணம் ஒரு வரி: தொழில் அனுபவத்துக்குச் சான்று இல்லை. நாற்பது வருஷம் தண்ணியில் நின்ற ஒருத்தியின் கிழிந்த விரல் சான்று இல்லையாம். தள்ளுபடி, மூன்றாவது அர்த்தம்.

படகு வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்று பரம்பரை மீனவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் இதைப் பார்த்துப் பூரிப்பார்கள். ஏரியை மக்களே பகிர்ந்துகொள்கிறார்கள், எவ்வளவு ஜனநாயகம் என்று. உள்ளே இருப்பவர்களுக்கு அது ஜனநாயகம்தான். இருளருக்கும் தலித்துக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. நல்ல ஆழமான துறை அவர்களுக்கு, ஓரத்துச் சேறு இவர்களுக்கு. அந்த மீனவர்களையும் துறைமுகங்கள் நெருக்குகின்றன, எண்ணூர் ஒரு பக்கம், காட்டுப்பள்ளி ஒரு பக்கம். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொள்கிறது. அவர்கள் போராட்டத்தில் நாம் கூட நிற்கவேண்டும், நிற்கிறோம். ஆனால் நிற்கும்போது சீட்டில் எங்கள் பெயர் எங்கே என்று கேட்காமல் நின்றால் அது தோழமை இல்லை, எடுபிடி வேலை.

பிடித்த எறாவை ஆயா யாருக்குக் கொடுப்பார்? முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு. வீட்டில் காய்ச்சல் என்று போன மாசம் ஐநூறு வாங்கியிருப்பார். அதற்கு வட்டி என்று தனியாக எதுவும் கேட்க மாட்டார்கள். எறா விலையில் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மார்க்கெட்டில் ஒரு விலை, கடன்பட்டவளுக்கு ஒரு விலை. கடன் தீரும்வரை வேறு ஆளிடம் விற்கக் கூடாது. கிலோவுக்கு இவ்வளவு குறைவு என்று ஆயா கொடுக்கிறாளே, அதுவும் தள்ளுபடிதான். கொடுக்கிறவள் அவள். நகரத்தில் எங்கோ ஒரு குளிர்பெட்டிக் கடையில் 'இன்றைய சலுகை' என்று ஒட்டியிருக்கும் சீட்டின் ஒரு நுனி அவள் பல்லில் இருக்கிறது.

மலிவு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ ஒருத்தர் கூலியிலிருந்து கழிகிறது. செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பத்தோடு அடைபட்டிருந்த இருளர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் எத்தனை படித்திருக்கிறோம்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். என் சித்தி மகள் ஒரு மலிவுத் துணிக்கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். பதினோரு மணி நேரம் நிற்கவேண்டும். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள். இருபத்தாறு வயதில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது. யோசித்துப் பாருங்கள், 'உட்காரலாம்' என்று ஒரு சட்டம்! நம் பாட்டன்மார் கேட்டதும் இதைத்தானே.

பழவேற்காட்டுக்கு இந்த வியாபாரம் புதிதும் இல்லை. உலகத்தின் முதல் பங்குக் கம்பெனிகளில் ஒன்றான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. இப்போது அது புதர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைக் காவலில் நன்றாக இருக்கிறது. வாசல் தூணில் செதுக்கிய எலும்புக்கூட்டோடு காதலர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். துணி ஏற்றுமதி, வெடிமருந்து என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அங்கிருந்து அடிமைகளையும் ஏற்றினார்கள் என்று அநேகமாகச் சொல்ல மாட்டார்கள். பஞ்ச காலத்தில் இந்தக் கரையில் மனித விலை இறங்கும். இறங்கிய விலையில் வாங்கி ஆயிரக்கணக்கில் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பஞ்சத்தில் விலை இறங்கியவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. டச்சுக்காரர்களுக்குக் கல்லறையில் பெயர் இருக்கிறது. போனவர்களுக்கு எதுவும் இல்லை.

மறுபடி வங்கிக்கே வருகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். 2008-இல் ஒன்றிய அரசு விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தபோது, இது கடன் ஒழுக்கத்தையே கெடுத்துவிடும் என்று மேதைகள் எழுதினார்கள். சுபிக்ஷா மூச்சுத் திணறிய அதே 2008. பிறகு 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாயைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2023-இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் பெருந்தொழில், சேவைத்துறை நிறுவனங்களுடையது மட்டும் 7.40 லட்சம் கோடிக்கு மேல். எங்கள் அதிகாரிகள் உடனே திருத்துவார்கள்: அது தள்ளுபடி இல்லை, கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கம்தான், கடன்காரரைத் துரத்திக்கொண்டேதான் இருப்போம் என்று. சட்டப்படி அது உண்மை, நானும் ஒத்துக்கொள்கிறேன். துரத்தி அந்த ஒன்பது வருஷத்தில் பிடித்தது சுமார் 2 லட்சம் கோடி. ஆயாவின் எரநூறைப் பிடிக்க யாரும் துரத்தவில்லை. கம்ப்யூட்டர் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே பிடித்துக்கொண்டது.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். நமக்கு மூளையும் துணிச்சலும் இருக்கின்றன. நமக்கு இல்லாதது தோற்கிற வசதி. 1,600 கடை திறந்து தோற்கிறவர் கடனைச் சீரமைக்கச் சொல்லி வங்கிகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசலாம். ஒரு படகு வாங்கித் தோற்றுவிட்டால் ஆயாவின் பேத்தி அரிசி ஆலைக்கு முன்பணத்தில் போகவேண்டும். இந்த நிலையில் அவளைப் பார்த்து 'ரிஸ்க் எடு' என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

தலித் முதலாளிகள் உருவாகவேண்டும் என்று பேசுகிற தோழர்கள் உண்டு. 2005-இல் புனேயில் தலித் தொழில் வர்த்தக சபையே தொடங்கினார்கள். நான் அவர்களை எதிரியாகப் பார்க்கவில்லை. நாடார்களைப் பாருங்கள் என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். கோயிலுக்குள் விடாதே என்று அடித்த காலத்தில் அவர்கள் வியாபாரத்தில் காசுக்குக் காசு மகமை எடுத்து வைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அது. ஆனால் மகமை எடுக்க முதலில் விற்க ஒரு சரக்கும், நிற்க ஒரு சந்தையும் வேண்டும். சந்தைக்குள் நுழைய விடாதவன் எதில் மகமை எடுப்பான்? நாம் தொட்டால் தீட்டு என்று பாலும் சோறும் விற்க முடியாத ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அதோடு, வந்த பிறகு என்ன ஆனது? ஒடுக்கப்பட்டிருந்த சாதியின் கடையிலும் பெண்கள் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். முதலாளியின் சாதி மாறினால் சித்தி மகளின் நரம்பு சரியாகிவிடாது. அவளுக்கு ஸ்டூல் வேண்டும்.

அதற்காகக் கடன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் நம் உரிமை. 1969-இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது சொன்ன காரணமே அதுதான். 1972-இல் நாலு சதவீத வட்டிக்கு ஏழைகளுக்கு ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வங்கியும் முந்தைய வருஷக் கடனில் ஒரு சதவீதத்தை இப்படிக் கொடுக்கவேண்டும், அதில் நாற்பது சதவீதம் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும். பிறகு வருமான வரம்பு என்று ஒரு பூட்டுப் போட்டார்கள். 2007-இல் 'உயர்த்திய' பிறகும் கிராமத்தில் வருஷத்துக்கு 18,000 ரூபாய். அவ்வளவு குறைவாகச் சம்பாதிக்கிறவன் உயிரோடு இருந்தால்தானே விண்ணப்பம் போட? 2016-இல் வந்த திட்டத்தில் ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடிக்கும், ஒரு பெண்ணுக்கும் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை கொடுக்கவேண்டும் என்றார்கள். உங்கள் ஊர்க் கிளையில் கொடுத்தார்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை திருப்பி அனுப்பினீர்கள், என்ன காரணம் எழுதினீர்கள். பெயர் கேட்காதீர்கள், ரகசியம் என்று மறுப்பார்கள். எண்ணிக்கை கேளுங்கள். முன்னோடி வங்கி மாவட்டந்தோறும் ஆண்டுக் கடன் திட்டம் என்று ஒன்று போடும். அதை வாங்கிப் படிக்க நம் மாணவர்களில் பத்துப் பேர் பழகினால், நான் இன்னும் நூறு கவிதை எழுதுவதைவிடப் பிரயோசனம். குமாஸ்தா சொல்கிறான், கவிஞன் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆயாவின் விண்ணப்பத்தை மறுபடி போடுகிறோம். இப்போது அவரோடு இன்னும் பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அனுபவச் சான்று யார் கொடுப்பது என்று மீன்வளத்துறையில் விசாரித்தாயிற்று. நாலு பேருக்கு இன்னும் பழங்குடிச் சான்றிதழ் இல்லை, கோட்டாட்சியர் அலுவலகத்தில் கிடக்கிறது. அதற்கு ஒரு நாள் தனியாக அலையவேண்டும். தம்பிக்குப் போன் பண்ணினேன், நண்பர்கள் மூன்று பேரோடு வருகிறேன் என்றான். படிவம் நிரப்ப நல்ல கையெழுத்து உள்ளவர்கள் இன்னும் ரெண்டு பேர் இருந்தால் நல்லது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொன்னேரி பஸ் நிலையத்தில் நிற்பேன். கறுப்பு மைப் பேனா, வெள்ளைத்தாள், போட்டோ ஒட்டப் பசை கொண்டுவரவும். ஆயா ஏரியிலிருந்து கரையேற ஒன்பது மணி ஆகும்.